உங்களுக்குத் தெரியுமா? மட்டையும் பதினாறு வயதும்

பதினாறு வயதோடு ஆயுள் முடிய வேண்டிய மார்க்கண்டேயன் ‘என்றும் பதினாறு’ ஆன தலம் திருக்கடையூர். ஆனால் அபிராமி கோயிலில் தினமும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பவர்கள் அறுபதையும் எழுபதையும் எண்பதையும் தொட்டவர்கள். நிஜப் பதினாறுகள் எல்லாம் ஊருக்கு வெளியே, பந்து எந்த வாய்க்காலில் விழுந்தது என்று தேடிக்கொண்டிருக்கும். இந்தத் துணுக்குகள் அவர்களுக்காக. விளையாட்டை வைத்து ஒரு பையனோ பெண்ணோ ஆளாகும் கதையைச் சொல்லும் படங்களும், அவற்றைச் சுற்றிய சங்கதிகளும். ஆரம்பம் ஐஸ் ஹாக்கி. சித்திரை வெயிலில் ஐஸா என்று கேட்காதீர்கள். கதை காரைக்கால் வரை வந்துவிடுகிறது.

● ஐஸ் ஹாக்கி வீரனாகத் துடிக்கும் விடலைப் பையன் கதை என்றதும் ஹாலிவுட்டில் முதலில் நினைவுக்கு வருவது 1986இல் வந்த ‘யங்பிளட்’. பதினேழு வயது டீன் யங்பிளட் நியூயார்க் மாநிலத்து விவசாயி மகன். அப்பாவுக்குப் பையன் பண்ணையில் நிற்க வேண்டும், பையனுக்குக் கனடா போய் ஜூனியர் அணியில் சேர வேண்டும். அண்ணன் ஏற்கெனவே இதே ஆட்டத்தில் கண்ணில் அடிபட்டவன், அதனால் அப்பாவின் பயத்துக்கும் காரணம் உண்டு. மாட்டுக் கொட்டகை, பிடிவாதக்கார அப்பா, அம்மாவின் இடத்தில் நின்று பேசும் அண்ணன். இதைத் திருவாரூர்ப் பக்கம் நகர்த்திக் கபடியாக்கினால் வசனத்தைக்கூட அதிகம் மாற்ற வேண்டாம்.

● அந்தப் படத்தில் கோல்கீப்பராகச் சிறு வேடத்தில் வருபவர் கியானு ரீவ்ஸ். டொராண்டோவில் வளர்ந்தவர், பள்ளி நாட்களில் நிஜமாகவே கோல்கீப்பர். ‘தி மேட்ரிக்ஸ்’ வர இன்னும் 13 வருடம் இருந்தது.

● ‘யங்பிளட்’ நாயகன் ராப் லோ 25 வருடம் கழித்து மறுபடி ஐஸ் ஹாக்கிக்கு வந்தார், இந்த முறை பயிற்சியாளராக. படம் 2011இல் வந்த ‘பிரேக்அவே’. இந்தியில் ‘ஸ்பீடி சிங்ஸ்’. கனடாவில் லாரித் தொழில் செய்யும் பஞ்சாபிக் குடும்பத்துப் பையன் சீக்கியர்களையே சேர்த்து ஐஸ் ஹாக்கி அணி அமைக்கும் கதை. இங்கேயும் அப்பாதான் முட்டுக்கட்டை. டொராண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் இத்தனை தமிழர்கள் இருக்கிறார்களே, நம் பங்குக்கு ஒரு படம் எடுக்கக் கதைக்கா பஞ்சம்?

● ‘யங்பிளட்’ 2025இல் புதிதாக எடுக்கப்பட்டு டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இயக்கியவர் ஹியூபர்ட் டேவிஸ். இந்த முறை டீன் கறுப்பினப் பையன். கறுப்பின வீரர்கள் இந்த ஆட்டத்தில் பட்ட பாட்டைப் பற்றி 2022இல் ‘பிளாக் ஐஸ்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தவரும் இவர்தான். பழைய கதையைத் தூசி தட்ட இதைவிட நியாயமான காரணம் இருக்க முடியாது.

● வழக்கமாக அணி இருக்கும், அதைப் பற்றிப் படம் வரும். டிஸ்னி தலைகீழாகச் செய்தது. 1992இல் ‘தி மைட்டி டக்ஸ்’ என்று ஐஸ் ஹாக்கி ஆடும் சிறுவர்களைப் பற்றிய படம். அடுத்த வருடமே அதே பெயரில் கலிபோர்னியாவின் அனஹைமில் நிஜமான தொழில்முறை அணி. பின்னாளில் பெயரில் ‘மைட்டி’ போனது, 2007இல் ஸ்டான்லி கோப்பை வந்தது.

● ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு, எடை 156 முதல் 170 கிராம். நம் புல்தரை ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம். ஏறக்குறைய அதே கனம்தான். ஆட்டத்துக்கு முன் வட்டை உறைய வைப்பார்கள், இல்லாவிட்டால் துள்ளும். அணிக்கு ஆறு பேர், 20 நிமிடமாக மூன்று பகுதி.

● திருக்கடையூரிலிருந்து தெற்கே சற்று நேரப் பயணத்தில் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர்கள் கையில் இருந்த ஊர். கோட்டையைப் பார்த்துவிட்டுக் கடலோரம் சுண்டல் தின்னும் நம்மில் பலருக்குத் தெரியாது, அந்த நாடு ஐஸ் ஹாக்கி ஆடும் நாடு. 2025 உலகப் போட்டியைச் சுவீடனோடு சேர்ந்து நடத்திய டென்மார்க், காலிறுதியில் கனடாவை 2-1 என்று வீழ்த்தியது. கனடாவை! கடைசி மூன்று நிமிடங்களுக்குள் இரண்டு கோல். அரையிறுதியில் சுவிட்சர்லாந்திடம் ஏழு கோல் வாங்கியது வேறு கதை.

● மெட்ராஸுக்கு ஐஸ் கட்டி முதலில் கப்பலில்தான் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்து, மரத்தூளில் பொதிந்து அனுப்பினார் பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. அதைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் மெரினா எதிரே இன்றைய விவேகானந்தர் இல்லம்.

● ஐஸ் ஹாக்கித் தரையை இழைத்துச் சமன் செய்யும் வண்டியை 1949இல் உருவாக்கியவர் பிராங்க் ஜாம்போனி. கலிபோர்னியாக்காரர், ஆதியில் ஐஸ் பேக்டரி முதலாளி. வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்ததும் கட்டி ஐஸ் வியாபாரம் படுத்தது. குளிரூட்டும் எந்திரங்களை என்ன செய்வது? ஸ்கேட்டிங் அரங்கம் கட்டிவிட்டார். தரையை ஆட்கள் கையால் சரி செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அந்த எரிச்சலில் பிறந்ததுதான் வண்டி. பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைப்பவர்கள் கவனிக்கலாம்.

● இந்தியாவில் ஐஸ் ஹாக்கி என்றால் லடாக். குளிர்காலத்தில் மைதானத்தில் தண்ணீரைப் பாய்ச்சி விட்டுவிட்டால் இரவில் உறைந்து, காலையில் ஆடுகளம் தயார். லே நகரின் கர்சூ குளம் இதற்குப் பெயர் போனது. இங்கே நம் ஆட்கள் தண்ணீர் பாய்ச்சுவது நாற்று நட. அதனால் நம் பிள்ளைகளின் ஆட்டம் தண்ணீர் வடிந்து, சம்பா அறுப்பு முடிந்த தை, மாசியில் ஆரம்பிக்கும். அதிலும் ஒரு சிக்கல். அறுப்புக்கு முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். உளுந்து முளைத்த வயலில் கால் வைத்தால் வயல்காரர் சும்மா விடுவாரா? யார் வயலில் இந்த வருடம் உளுந்து இல்லை என்று கண்டுபிடிப்பவன்தான் எந்த ஊரிலும் அணித் தலைவன்.

● அப்படிக் குளங்களில் ஆடிப் பழகிய லடாக் பெண்களை நம்பி நிற்கும் இந்திய மகளிர் அணி 2016இல் சர்வதேசப் போட்டிக்குப் போனது. முதல் வெற்றி 2017இல் பாங்காக்கில், பிலிப்பைன்ஸுக்கு எதிராக 4-3. 2025இல் அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். இந்தக் கதைக்குப் பெரிய படம் ஒன்று தேவை, எந்த மொழியில் வந்தாலும் சரி.

● ஐஸ் இல்லாத ஊருக்குச் சக்கரம். சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த ஸ்பீடு ஸ்கேட்டிங் உலகப் போட்டியில் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வாங்கினார். உலகச் சாம்பியன்! பேப்பரில் எந்தப் பக்கத்தில் படித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

● இனி காரைக்கால். 2019 ஏப்ரலில் வந்த ‘நட்பே துணை’ ஹாக்கிப் படம், கதை நடப்பது காரைக்காலில். இயக்கம் டி. பார்த்திபன் தேசிங்கு, தயாரிப்பு சுந்தர் சி., நாயகன் ‘ஹிப்ஹாப் தமிழா’ ஆதி. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் அங்கே உண்டு. நாயகனின் ஆசையும் அதுவே: எப்படியாவது பிரான்ஸ் போய்விட வேண்டும். ஹாக்கி மட்டையைத் தொடவே மாட்டேன் என்று இருப்பவன், ஊர் மைதானத்தைத் தொழிற்சாலைக்குத் தாரை வார்க்கும் வேலை நடக்கும்போது மட்டையை எடுக்கிறான். மந்திரியாக வரும் கரு. பழனியப்பன் சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கும் அரசியல்வாதி, படத்தில் அவர் பங்குதான் உசத்தி. முதல் பாதி வழக்கமான கலாட்டா, கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் இந்தப் படத்தில் ஒரு விஷயம் உண்மை: கோப்பையைவிட மைதானம் பெரிது. ‘யங்பிளட்’ பையனுக்கு அரங்கம் இருக்கிறது, அணியில் இடம்தான் வேண்டும். நம் பையனுக்கு இடமே பிரச்சினை. கோல் போஸ்ட் நட்ட தரையில் நாளைக்கு மனைக்கல் நடுவார்கள்.

● ‘கனா’ (2018) நாயகி கௌசல்யா காவிரிக்கரைக் குளித்தலைப் பெண். அருண்ராஜா காமராஜின் முதல் படம், தயாரிப்பாளராகச் சிவகார்த்திகேயனுக்கும் முதல் படம். கிரிக்கெட் பைத்தியம் அப்பா சத்யராஜிடமிருந்து மகள் ஐஸ்வர்யா ராஜேஷுக்குத் தொற்றுகிறது. அப்பா முட்டுக்கட்டையாக இல்லாத அபூர்வமான விளையாட்டுப் படம். முட்டுக்கட்டையாக இருப்பவை வறட்சியும் வங்கிக் கடனும். விவசாயப் பகுதியும் கிரிக்கெட் பகுதியும் ஒட்டவில்லை என்று சிலர் சொன்னார்கள். டெல்டாவில் பிறந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மேட்டூர் எப்போது திறக்கும் என்பதைப் பொறுத்துத்தானே இங்கே பிள்ளைக்கு ஷூ வாங்குவதும் முடிவாகிறது? தெலுங்கில் ‘கௌசல்யா கிருஷ்ணமூர்த்தி’ என்று போனது, நாயகி அவரேதான்.

● மன்னார்குடி பக்கம் வடுவூர். வெளியூர்க்காரர்களுக்குப் பறவைகள் சரணாலயம், நமக்குக் கபடி. கபடி வீரர் மணத்தி கணேசன் வாழ்க்கையிலிருந்து மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ 2025 அக்டோபர் 17இல் வெளியானது. ஆறே நாளில், 23ஆம் தேதி, பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் ஈரானை 35-32 என்று வென்று இந்தியப் பையன்கள் கபடித் தங்கம் எடுத்தார்கள். அந்த அணியில் வடுவூர் அபினேஷும் ஒருவர். பெண்கள் அணியும் தங்கம் எடுத்தது, அதில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா. தியேட்டரில் கபடிக்குக் கைதட்டிய அதே வாரம்!

● டெல்டாவுக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டினால் அரியலூர். அங்கிருந்து கிளம்பிக் கோவில்பட்டியில் ஹாக்கி பழகியவர் கார்த்தி செல்வம். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்திய அணிக்கு அறிமுகம், அன்றே கோல். 2023இல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராக இன்னொன்று.

● 2025 ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது சென்னையிலும் மதுரையிலும். ஜெர்மனி சாம்பியன், இந்தியாவுக்கு வெண்கலம்.

● திருக்கடையூரின் சொந்தப் பந்தயம் வேறு ரகம். காணும் பொங்கலுக்குத் தரங்கம்பாடிச் சாலையில் மாட்டு வண்டி, குதிரை வண்டி ஓடும் எல்கைப் பந்தயம். அனுமதி, பாதுகாப்பு என்று ஆயிரம் சர்ச்சை இருந்தாலும், ஒரு சாரதியின் மகன் முதல்முறை கயிற்றைக் கையில் வாங்கும் நாளைப் படமாக்க யாராவது வரலாம்.

● கடைசியாக ஒரு வேலை. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கிரிக்கெட் மட்டை, வாலிபால், சிலம்பம் என்று 33 வகை. உங்கள் ஊராட்சிக்கு வந்தது யார் பொறுப்பில் இருக்கிறது, பிள்ளைகள் கையில் இருக்கிறதா, பீரோவுக்குள் இருக்கிறதா? அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஊர் விளையாட்டுத் திடலின் சர்வே எண்ணையும் கையோடு கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.