எதிர்க்காற்றில் முன்னேறும் பாய்

சென்னைக் காசிமேட்டில் பாய் விரித்துக் கடலுக்குப் போகிறவர்கள் இப்போது இல்லை என்றே சொல்லிவிடலாம். விசைப்படகும் ஃபைபர் படகும் டீசலில் ஓடுகின்றன. ஆனால் இன்ஜின் வருவதற்கு முன்பு இதே கரையிலிருந்து கட்டுமரங்கள் அன்றாடம் போய் வந்தன. போவதற்கும் காற்றுதான், வருவதற்கும் காற்றுதான். ஒரே நாளில் காற்று எப்படி இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போகும்?

வெயில் ஏற ஏறக் கரை மணல் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். கடல் ஏறத்தாழ அப்படியே இருக்கும். எடைக்கு எடை பார்த்தால், காய்ந்த மணலைவிடத் தண்ணீரைச் சூடாக்க நான்கைந்து மடங்கு வெப்பம் வேண்டும். போதாததற்கு அலை மேல்நீரைக் கலக்கி, வந்த வெப்பத்தை ஆழத்துக்கும் பங்கிட்டுவிடுகிறது. நிலத்தின் மேல் சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடுவதால் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் திரும்புகிறது. விடியுமுன் கரைக்காற்றில் புறப்பட்டு, பிற்பகல் கடற்காற்றில் மீனோடு வந்து சேருவதற்கு வழி இதுதான்.

இதே கணக்கை ஆசியக் கண்டத்தின் அளவுக்குப் பெரிதாக்கினால் பருவக்காற்று. கோடையில் கண்டம் சூடேறத் தென்மேற்கிலிருந்து காற்று வருகிறது. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வருகிறது. மேற்கிலிருந்து வந்தால் கச்சான், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து வந்தால் வாடை என்று மீனவர்கள் திசைவாரியாகக் காற்றைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காற்றோடு நீரோட்டமும் மாறும். பிப்ரவரி முதல் மே வரை கரையோரத் தண்ணீர் வடக்கே ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே ஓடும்.

சோழர் காலக் கப்பல்கள் வங்கக் கடலைத் தாண்டிப் போனதும் இந்தப் பருவக் கணக்கை நம்பித்தான். 1025இல் கடாரம்வரை படை அனுப்பிய ராஜேந்திர சோழன் வென்ற இடங்களில் ஒன்றாக மாநக்கவாரத்தை அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. அதுதான் இன்றைய நிக்கோபார்.

இன்று இருவர் ஒரு சிறு பாய்ப்படகில் சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போக நினைத்தால் எப்போது கிளம்பலாம்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் மாதங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வானம் பெரும்பாலும் தெளிந்து, வடகிழக்குக் காற்று நிதானமாக வீசும். தலைநகரமான போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரம், சுமார் 1,360 கிலோமீட்டர் தொலைவில், கிழக்கே சற்றுத் தெற்கு சாய்ந்து இருக்கிறது. திரும்பி வரும்போது காற்று பின்பக்கத்திலிருந்து தள்ளும், கவலையில்லை. போகும்போதோ காற்று முன்பக்கத்திலிருந்து சாய்வாக முகத்தில் அறையும். அப்படியும் படகு முன்னேறும்.

பாய் என்றால் காற்று பின்னாலிருந்து தள்ளுவதை வாங்கிக்கொள்ளும் துணி என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதி வேலை. காற்று ஓரமாக வரும்போது வளைந்த பாய் அதைத் திருப்பிவிடுகிறது. திருப்பப்படும் காற்று பாயை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது; விமானத்தின் இறக்கை மேலே எழும்புவதும் இதே விதியால்தான். இந்த விசையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். ஒரு சிறு பகுதி மட்டும் முன்னே இழுக்கும். பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கப் படகின் அடியில் கனத்த தகடு போன்ற கீல் இருக்கிறது. கீல் இல்லாத கட்டுமரத்தில் ஒரு பலகையைத் தண்ணீரில் இறக்கி அந்த வேலையை வாங்கினார்கள். ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலால் நசுக்கினால் அது முன்னே வழுக்கிப் பாய்கிறதல்லவா? இங்கே ஒரு விரல் காற்று, இன்னொரு விரல் தண்ணீர்.

நேர் எதிர்க்காற்றில் மட்டும் எந்தப் பாயும் போகாது. காற்றுத் திசையிலிருந்து சுமார் 45 டிகிரி விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் போக வேண்டும். 100 கிலோமீட்டர் முன்னேற 141 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். வங்கக் கடலின் ஜனவரிக் காற்று அந்தமான் போகும் திசைக்கு 50 டிகிரியை ஒட்டி வருகிறது. எல்லைக்குள் மயிரிழையில் அடங்கும் பயணம் அது.

இருவர் மட்டும் போனால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். அவரே சமைத்து, பாயைச் சுருக்கி, எதிரே கப்பல் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். சுக்கானை யார் பிடிப்பது? பல பாய்ப்படகுகளின் பின்புறத்தில் இதற்கென்றே ஒரு காற்றுத் தகடு உண்டு. படகு வழி விலகினால் காற்று படும் கோணம் மாறித் தகடு சாயும். அது தண்ணீரில் தொங்கும் துடுப்பைத் திருப்பும். ஓடும் தண்ணீர் அந்தத் துடுப்பை ஓரமாகத் தள்ள, அந்த விசை சுக்கானை இழுத்துப் படகைப் பழைய வழிக்குக் கொண்டுவரும். மின்சாரம் ஒரு துளிகூட வேண்டாம்.

இருவர் பயணம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை இந்தியக் கடற்படையின் இரண்டு லெப்டினன்ட் கமாண்டர்கள் காட்டினார்கள்: கோழிக்கோட்டின் தில்னா, புதுச்சேரியின் ரூபா. 17 மீட்டர் நீளமுள்ள தாரிணி என்ற பாய்ப்படகில் கோவாவிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கும், பிறகு மொரிஷியஸுக்கும் போய்த் திரும்பிப் பழகினார்கள். 2024 அக்டோபர் 2 அன்று உலகைச் சுற்றக் கிளம்பி, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கும் மேல். துறைமுகங்களில் நின்ற நாள்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டர்தான். ஆனால் இரவும் பகலும் ஓடிய 8.

அவர்கள் நேர்கோட்டில் போகவில்லை. நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூடான காற்று மேலே எழும்புவதால் கடல்மட்டத்தில் காற்று செத்துக் கிடக்கும். அதைத் தாண்டித் தெற்கே 40 டிகிரிக்கு அப்பால் இறங்கினால், தடுக்க நிலமே அதிகம் இல்லாமல் மேற்குக் காற்று உலகைச் சுற்றி ஓடுகிறது. அந்தக் காற்றைப் பிடித்துத்தான் பசிபிக்கில் நீமோ முனையைக் கடந்தார்கள். அங்கிருந்து அருகிலுள்ள கரை சுமார் 2,700 கிலோமீட்டர். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விண்வெளி நிலையம் தலைக்கு மேலே வரும் நேரத்தில், கரையில் உள்ளவர்களைவிட அதில் இருப்பவர்கள்தான் அருகில்.

காற்றைக் கேட்டு வழியை முடிவுசெய்யும் இந்தப் பழக்கம் சரக்குக் கப்பல்களுக்கும் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2023இல் பிக்சிஸ் ஓஷன் என்ற சரக்குக் கப்பல், தளத்தில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு ராட்சத இறக்கைகளோடு சீனாவிலிருந்து பிரேசிலுக்குப் போனது. இன்ஜினுக்குத் துணையாகக் காற்றும் இழுத்தால் அந்த அளவுக்கு எண்ணெய் மிச்சம். ஆனால் மிச்சம் வேண்டுமென்றால் குறுக்குவழியை விட்டுக் காற்று இருக்கும் வழியில் போகவும், நல்ல காற்றுக்கு ஒரு நாள் காத்திருக்கவும் கப்பல் நிறுவனங்கள் பழக வேண்டும். இறக்கை செய்வதைவிட அந்தப் பொறுமையைக் கற்பதுதான் கடினம். கட்டுமரக்காரர்களுக்கு அதுவே அன்றாடப் பாடமாக இருந்தது.