வால்வுக்காகத் திறந்த இதயத்தில் கட்டி

மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது என்று நெஞ்சைத் திறக்கிறார்கள். இடது மேலறைக்குள் பார்த்தால், நுங்கு போல வழுவழுப்பாக ஒரு கட்டி காம்பில் ஆடிக்கொண்டிருக்கிறது. பெயர் மிக்ஸோமா. பெரியவர்களின் இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான், புற்றுநோய் அல்ல.

வால்வு நோயாக இது நன்றாகவே வேஷம் கட்டும். அதே மூச்சிரைப்பு, ஸ்டெதஸ்கோப்பில் ஏறக்குறைய அதே முணுமுணுப்பு. துடிக்கும் இதயத்துக்குள் விரலை விட்டு வால்வை விரித்த காலத்தில் பல கட்டிகள் விரல்நுனியில்தான் முதலில் தட்டுப்பட்டன. விரல் பட்டுத் துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். 1954-ல் ஸ்டாக்ஹோமில் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு மிக்ஸோமாவை முதன்முதலாக வெற்றிகரமாக அகற்றினார்கள். பிறகு எக்கோ வந்தது. பெரும்பாலான கட்டிகள் இப்போது முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன. ஆனாலும் வால்வு மேல் ஒட்டியிருக்கும், ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாத இழைக்கட்டிகள் கண்ணுக்குத் தப்பும். மயக்க மருந்து கொடுத்தபின் உணவுக்குழாய் வழியே பார்க்கும் எக்கோவில்தான் அவற்றில் சில அகப்படுகின்றன.

கட்டியைக் கண்டுபிடித்த கதையை எல்லோரும் வியந்து பேசுகிறோம். வெட்டியெடுத்த சதை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. மிக்ஸோமாவும் பழைய ரத்தக்கட்டியும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். ரத்தக்கட்டி என்று நினைத்து ஒதுக்கிவிட்டால், நோயாளி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோடு போய்விடுவார். வருடா வருடம் எடுக்க வேண்டிய எக்கோ நின்றுபோகும். இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று புற்று. மிக்ஸோமாவிலும் ஒரு சிறு பங்கு பரம்பரையாக வருவது. அது திரும்ப முளைக்கலாம், உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். அந்தக் குடும்பத்துக்கு யார் சொல்வது?

எடுத்த ஒவ்வொரு வால்வையும் பயாப்சிக்கு அனுப்புவது வீண்செலவு என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. எதிர்பாராமல் அகப்பட்ட கட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அது ஃபார்மலின் பாட்டிலில் ஆய்வகத்துக்குப் போயே ஆக வேண்டும்.

அறிக்கை வரச் சில நாளாகும். அதற்குள் நோயாளி வீடு திரும்பியிருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பயாப்சி முடிவு வரவில்லை' என்றிருந்தால், தையல் காட்டப் போகும் நாளிலேயே அதைக் கேட்டு நகல் வாங்குங்கள். எங்கிருந்த கட்டி, காம்போடு முழுவதும் எடுத்தார்களா, அடுத்த எக்கோ எப்போது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.