லடாக்கில் வெயிலைச் சேமிக்கும் சுவர்



சென்ற மாதக் காணிக்கைகளோடு ஒரு சகோதரியின் கடிதமும் வந்தது. லடாக்கில் குளிரால் வாடும் குடும்பங்களுக்கு மின்சார ஹீட்டர் வாங்கி அனுப்ப நம் ஆஸ்பத்திரி உதவுமா என்று கேட்டிருந்தார். நல்ல மனது. ஆனால் தொலைதூரச் சிற்றூர்களில் ஹீட்டர் ஓடும் அளவுக்கு மின்சாரம் எப்போதும் கிடைப்பதில்லை. அதைவிட ஏற்ற வழி ஒன்று அங்கேயே உண்டு.

லடாக் நம் திருச்சபை வரலாற்றுக்குப் புதிய இடமல்ல. 1885-ல் மொராவியன் மிஷனெரிகள் லே நகரில் ஊழியம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அங்கு போய்ச் சேர்ந்த மருத்துவ மிஷனெரியின் பெயர் டாக்டர் கார்ல் மார்க்ஸ். (பெயர் மட்டும்தான் ஒன்று, ஆள் வேறு!) 1891-ல் அவர் அங்கேயே மரித்தார். அந்தச் சபை இன்றும் லேயில் இருக்கிறது.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்கால இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும். மரங்கள் குறைவு. காய்ந்த சாணமும் சுள்ளியும் எரியும் அடுப்பைச் சுற்றி, சன்னல்களை அடைத்துக்கொண்டு, குடும்பமே ஓர் அறையில் குளிர்காலத்தைக் கழிக்கும். அந்தப் புகைக்கும் மூச்சு நோய்க்கும் உள்ள தொடர்பை டாக்டர் ட்சேரிங் நொர்பூவும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 1991-ல் வெளியிட்டார்கள். பீடியைக் கையால் தொட்டறியாத தாய்மார் விறகடுப்புப் புகையால் நெஞ்சடைத்து வருவதை நம் வார்டிலும் கண்டிருக்கிறேன். ஆகவே குளிரைவிட எனக்குக் கவலை தருவது அந்தப் புகைதான்.

ஆனால் லடாக்கில் மழை அபூர்வம். ஆண்டில் ஏறக்குறைய 300 நாள் தெளிந்த வெயில். பகலில் கிடைக்கும் அந்த உஷ்ணத்தை இரவுக்கு எப்படி வைத்துக்கொள்வது?

மே மாதம் நம் திருப்புட்குழியில் இரவு எட்டு மணிக்கு மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பகல் முழுதும் குடித்த வெயிலை அது அப்போதுதான் வீட்டுக்குள் விட்டுக்கொண்டிருக்கும். விசிறியோடு திண்ணைக்கு ஓடுகிறோம். நமக்குத் தொல்லையான இதே குணத்தை அங்கே உதவிக்கு அழைக்கிறார்கள்.

வீட்டின் தெற்குச் சுவரை மண்கல்லால் தடிமனாகக் கட்டி, வெளிப்பக்கம் கறுப்புப் பூசி, சில அங்குல இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்துகிறார்கள். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உஷ்ணத்தை எளிதில் வெளியே விடாது. இடையில் சூடாகும் காற்று மேல் துவாரம் வழியாக அறைக்குள் போக, அறையின் குளிர்ந்த காற்று கீழ்த் துவாரம் வழியாக வெளியேறி மறுபடி சூடாகும். மாலையில் துவாரங்களை மூடிவிடுவார்கள். அதற்குள் சுவரில் ஊறிய உஷ்ணம் உட்பக்கம் வந்து சேர்ந்திருக்கும். ஏன் தெற்கு? குளிர்காலச் சூரியன் தென்வானில் தாழ்வாகச் செல்வதால் வெயில் சுவரில் நேராக விழும். கோடையில் உச்சிக்கு ஏறிவிடும். சிறிய தாழ்வாரமே சுவருக்கு நிழல் தரும்.

1881-ல் அமெரிக்கரான மோர்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1960-களில் பிரான்சில் ட்ரோம்ப் என்பவர் இப்படி வீடு கட்டியதால் 'ட்ரோம்ப் சுவர்' என்ற பெயர் நிலைத்தது. லே அருகே ஃபே கிராமத்தில் உள்ள செக்மோல் பள்ளி வளாகம் மண்சுவராலும் தெற்கு வெயிலாலுமே குளிர்காலத்தைத் தாங்குகிறது. கண்ணாடிக்கு வசதியில்லாத வீட்டில் தெற்குப் பக்கம் பாலிதீன் தாளை மட்டும் கட்டிவிட்டாலும் போதும். அந்தக் கூடாரத்துக்குள் கீரையும் வளரும்.

குறைகளும் உண்டு. மலை நிழலில் ஒதுங்கிய ஊருக்கு இது உதவாது. கூரையிலும் மற்றச் சுவர்களிலும் வைக்கோலோ மரத்தூளோ வைத்து அடைக்காவிட்டால் சேர்ந்த சூடு நழுவிவிடும். சமையலுக்கு அடுப்பு வேண்டியதுதான். ஆனால் குளிர்காய்வதற்காக அது நாள் முழுதும் புகையத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் அந்தச் சகோதரிக்கு எழுதி, ஹீட்டருக்குப் பதில் கண்ணாடிக்கும் பாலிதீனுக்கும் அவர் பணத்தைச் செலவிட லடாக்கில் பணியாற்றுவோருக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறேன். பதில் வரும் வரை தொகை நம் கணக்கில் தனியாக இருக்கும். லே சபைக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஊழியத்தில்,
ஆஸ்பத்திரி சாப்ளின்