ஒட்டுப்போட்ட படங்கள்: கார்ஃபீல்ட் டெலிபோனும் ஒரு நிஞ்சாவும்

போன வாரம் வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். மூணு ராத்திரி, மூணு படம். நல்ல படமாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை. மொக்கையாக இருந்தாலும் பரவாயில்லை, எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். தற்செயலாக மூன்றுமே ஒரே வகையில் போய் விழுந்தன: வேறு ஒருத்தர் எடுத்த படத்தை வெட்டி, அதில் புதுத்துணி ஒட்டித் தைத்த படங்கள். அதைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் ராத்திரி 'நிஞ்சா டெர்மினேட்டர்' (1985). ஹாங்காங் படம், இயக்கம் காட்ஃப்ரே ஹோ. கதை என்று கேட்டால், தங்க நிஞ்சா சிலை ஒன்று மூணு துண்டாகக் கிடக்கிறது, மூணையும் சேர்த்தால் எல்லையில்லாத பலம். கதாநாயகன் ரிச்சர்ட் ஹாரிசன். மீசை வைத்த அமெரிக்கர், கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, ராணுவக் காமஃப்ளாஜ் துணியில் நிஞ்சா உடை போட்டுக்கொண்டு வருகிறார். காட்டில் ஒளிந்துகொள்ளத்தான் அந்தத் துணி என்று நினைக்கிறேன், ஆனால் அவர் பெரும்பாலும் வீட்டு ஹாலில்தான் இருக்கிறார். நிஞ்சா சாம்ராஜ்யத்தின் மிரட்டல் கடிதத்தைக் கொண்டு வருவது ஒரு பொம்மை ரோபோ. ஹீரோ பேசும் டெலிபோன் கார்ஃபீல்ட் பூனை வடிவத்தில் இருக்கிறது. ரிசீவரை எடுத்தால் பூனை கண் திறக்கும். நிஜமாகத்தான் சொல்றேன்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்த பிறகுதான் கவனித்தேன். படத்தில் இரண்டு உலகம் இருக்கிறது. ஒன்றில் ஹாரிசனும் கலர் கலரான நிஞ்சாக்களும். இன்னொன்றில் ஜாகுவார் வாங் என்ற ஆள் அடியாட்களைத் துவைத்து எடுக்கிறான். அவனுக்கு எதிரியாக, நீளமான பொன்னிற விக் வைத்துக்கொண்டு ஹ்வாங் ஜாங் லீ. ஜாக்கி சானின் 'ட்ரங்கன் மாஸ்டர்' (1978) படத்தில் காலாலேயே அடிக்கும் வில்லன் ஞாபகம் இருக்கா, அவரேதான். இந்த இரண்டு உலகமும் படம் முழுக்க ஒரே ஃப்ரேமில் சந்திக்கவே இல்லை. காரணம், இரண்டாவது உலகம் முழுசாக வேறு ஒரு கொரியப் படம்.

அந்தக் காலத்து வியாபாரம் இப்படி. 1981-இல் கேனன் கம்பெனியின் 'என்டர் த நிஞ்சா' வந்து உலகம் முழுக்க நிஞ்சாப் பைத்தியம் பிடித்தது. அதே சமயம் வீடியோ டெக் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்தது. கேசட் கடைக்கு எந்நேரமும் புதுச் சரக்கு வேண்டும், அட்டையில் ஒரு வெள்ளைக்கார முகமும் 'நிஞ்சா' என்ற வார்த்தையும் இருந்தால் போதும். ஹாங்காங்கின் ஐ.எஃப்.டி. நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டது. ஆசியப் படங்களின் உரிமையை மலிவாக வாங்குவது, ஹாரிசன் மாதிரி ஆட்களை வைத்துச் சில நாள் நிஞ்சா காட்சிகள் எடுப்பது, நடுநடுவே செருகுவது, முழுசுக்கும் புதிதாக ஆங்கிலத்தில் டப்பிங் பேசி, புதுப் பெயர் வைத்து விற்பது. பின்னணி இசையைப் பல சமயம் மேற்கத்திய இசைத்தட்டுகளிலிருந்து கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள்.

இது எப்படி ஓடுகிறது என்பதுதான் என் ஆர்வம். மூணு விஷயம் கைகொடுக்கிறது. ஒன்று டப்பிங். அன்றைய ஹாங்காங்கில் ஷூட்டிங்கில் ஒலிப்பதிவு செய்யும் பழக்கமே கிடையாது, எல்லாம் பின்னால் பேசிச் சேர்ப்பதுதான். வாயசைவு ஒட்டாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் பழைய படத்தின் பாத்திரம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இரண்டாவது முகமூடி. நிஞ்சா முகத்தை மூடிவிட்டால் உள்ளே யார் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? நடிகருக்குச் சண்டை தெரியாவிட்டாலும் டூப் குட்டிக்கரணம் போடுவார், நடிகர் ஊருக்குப் போன பிறகும் அவர் 'நடிக்கலாம்'.

மூன்றாவது அந்தக் கார்ஃபீல்ட் டெலிபோன். சாஃப்ட்வேர்காரன் கண்ணில் பார்த்தால் அது ஒரு அடாப்டர். ஒன்றையொன்று அறியாத இரண்டு சிஸ்டத்தை இணைக்க நடுவில் சின்னதாக ஒரு துண்டு எழுதுவோமே, அதே வேலை. ஹாரிசன் இங்கே ரிசீவரை எடுத்துப் பேசுகிறார். அங்கே கொரியப் படத்தில் யாரோ எப்போதோ எதற்கோ போனில் பேசிய ஷாட். இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டி, டப்பிங்கில் "சரி பாஸ்" என்று சொல்ல வைத்துவிட்டால் முடிந்தது, இரண்டு படமும் ஒரே கதை. பார்க்கிறவன் மனசே மிச்சத் தையலைப் போட்டுக்கொள்ளும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. நூறு வருஷம் முன்னாலேயே ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்து காட்டியது. மோஸ்ஜூகின் என்ற நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் வெட்டினால் பசி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வெட்டினால் துக்கம். முகம் மாறவே இல்லை, நாம்தான் மாற்றிப் படித்தோம்.

இரண்டாவது ராத்திரி பார்த்தது அந்தக் கண்டுபிடிப்பை ரஷ்யர்கள் மேலேயே திருப்பிய படம். 'வாயேஜ் டு த பிளானட் ஆஃப் ப்ரீஹிஸ்டாரிக் விமன்' (1968). பெயரைச் சொல்வதற்குள் மூச்சு வாங்குகிறது. இதன் பின்னால் ராஜர் கோர்மன் இருக்கிறார். 2024-இல் 98 வயதில் காலமானாரே, சில்லறைக் காசில் படம் எடுத்த மகாராஜா, அவர். ஸ்டான்ஃபோர்டில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, மோட்டார் கம்பெனி வேலையை நாலே நாளில் விட்டவர். நாலாவது நாள் விடாமல் இருபது வருஷம் தாண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் என் மாதிரி பி.ஈ.க்களுக்கு அது கொஞ்சம் உறுத்தும்.

1962-இல் பாவெல் க்லுஷான்ட்சேவ் என்பவர் லெனின்கிராடில் 'ப்ளானெட்டா பூர்' என்ற படம் எடுத்தார். வெள்ளி கிரகத்தில் இறங்கும் விண்வெளி வீரர்கள், கூடவே ஜான் என்ற பெரிய ரோபோ, பறக்கும் கார், டைனோசர். கோர்மன் இதன் அமெரிக்க உரிமையை வாங்கினார். 1965-இல் கர்டிஸ் ஹாரிங்டன் சில புதுக் காட்சிகளைச் சேர்த்து ஒரு படம் செய்தார். மூன்று வருஷம் கழித்து அதே ஃபிலிமை பீட்டர் போக்டனோவிச் கையில் கொடுத்து, இதில் பெண்கள் வேண்டும் என்றார்கள். அவர் மேமி வான் டோரனையும் இன்னும் சில பெண்களையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய், சிப்பியை மார்க்கச்சையாகக் கட்டிவிட்டு, பாறைமேல் உட்காரவைத்துப் படம் பிடித்தார். யாரும் வாயைத் திறப்பதில்லை, மனசாலேயே பேசிக்கொள்வார்களாம்! டப்பிங் செலவும் மிச்சம். ரஷ்ய வீரர்களும் இந்தப் பெண்களும் கடைசிவரை நேரில் பார்ப்பதே இல்லை.

படம் சுத்த போர். அதை மறைக்க முடியாது. ஆனால் ஒரே ஒரு யோசனை பிரமாதம். ரஷ்யப் படத்தில் வீரர்கள் ஒரு பறக்கும் டைனோசரைச் சுட்டுக் கொல்கிறார்கள், அங்கே அது சும்மா ஒரு ஆபத்து. போக்டனோவிச் அதை இந்தப் பெண்களின் கடவுள் ஆக்கிவிட்டார். உடனே வீரர்கள் ஊர்க் கோயிலை இடித்த அந்நியர்கள் ஆகிவிடுகிறார்கள். கடைசியில் அந்தப் பெண்கள் எரிமலைக் குழம்பில் சிக்கிப்போன ரோபோவைக் கண்டெடுத்துப் புதுக் கடவுளாகக் கும்பிடுகிறார்கள். பழைய ஷாட் ஒன்றைக்கூட மாற்றாமல் அர்த்தத்தைத் தலைகீழாக்கிவிட்டார்.

சரி, இதுவரை சிரித்தாகிவிட்டது. இதில் அடிவாங்கியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ரிச்சர்ட் ஹாரிசன் சும்மா ஆள் இல்லை. 60-களில் இத்தாலியில் புராணப் படங்களிலும் வெஸ்டர்ன்களிலும் நாயகன். 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' வாய்ப்பைத் தான் மறுத்து, கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் பெயரைச் சொன்னதாக அவரே சொல்லியிருக்கிறார். ஷா பிரதர்ஸுக்காக சாங் செயின் இயக்கத்தில் 'மார்க்கோ போலோ' (1975) செய்தார். அப்போது சாங் செயிடம் உதவியாளராக இருந்தவர்தான் காட்ஃப்ரே ஹோ. அந்தப் பழைய பழக்கத்தில்தான் 80-களில் ஹாங்காங் போய்ச் சில படங்களுக்கு மட்டும் நடித்துக் கொடுத்தார். அந்தக் காட்சிகளை வெட்டி வெட்டிப் பத்துக்கும் மேற்பட்ட படங்களில் ஒட்டிவிட்டார்கள். எல்லா அட்டையிலும் அவர் முகம். தான் நடிக்காத படங்களுக்கெல்லாம் அவர்தான் ஹீரோ. அவருடைய பெயர் கெட்டது அதில்தான், நடிப்பையே கிட்டத்தட்ட விட்டுவிட்டார். க்லுஷான்ட்சேவுக்கு நேர் எதிர் விதி. அமெரிக்கப் பிரதிகளில் ரஷ்யப் பெயர்களே காணோம். ஒருத்தர் செய்யாததற்குப் பெயர் போட்டார்கள், ஒருத்தர் செய்ததற்குப் பெயர் போடவில்லை.

இதை நான் மேட்டிமையோடு சொல்ல முடியாது. பல வருஷம் முன்னால் பழைய பில்லிங் சிஸ்டம் ஒன்றை 'கிட்'டுக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பழைய வரலாற்றோடு கொண்டுவர ரெண்டு வாரம் ஆகும், வெறும் கோடை மட்டும் ஏற்றினால் ஒரு மதியம். நான் மதியத்தையே தேர்ந்தெடுத்தேன். அன்றிலிருந்து எந்த வரியை 'ப்ளேம்' போட்டுப் பார்த்தாலும் என் பெயர்தான் வந்தது. அதில் முக்கால்வாசி எழுதியவர் எனக்கு முன்னாலேயே வேலையை விட்டுப்போன ஒரு அண்ணன், வரிக் கணக்கைப் பிசிறில்லாமல் எழுதியிருந்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "சார், இந்த ரவுண்டிங் லாஜிக் சூப்பரா இருக்கு, எப்படி யோசிச்சீங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அவ்வளவுதான், ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. காட்ஃப்ரே ஹோவும் படத்தில் 'இது முழுக்க என்னுடையது' என்று எங்கும் வாய்திறந்து சொல்லவில்லை.

மூன்றாவது ராத்திரி 'டார்கெட்ஸ்' (1968). இதுவும் போக்டனோவிச், இதுவும் கோர்மன். போரிஸ் கார்லாஃப் கோர்மனுக்கு இரண்டு நாள் கால்ஷீட் பாக்கி வைத்திருந்தார். அந்த இரண்டு நாளில் இருபது நிமிஷம் எடு, என்னுடைய பழைய 'த டெரர்' (1963) படத்திலிருந்து இருபது நிமிஷம் எடுத்துக்கொள், மிச்சத்தை வேறு நடிகர்களை வைத்து முடி. இதுதான் நிபந்தனை. போக்டனோவிச் பழைய படத்தை ஒளித்து ஒட்டவில்லை. பழைய படமாகவே காட்டினார். கார்லாஃப் ஓய்வுபெற நினைக்கும் கிழ பேய்ப்பட நடிகர், 'த டெரர்' அவர் நடித்த படம், அது ஒரு ட்ரைவ்-இன் தியேட்டரில் ஓடுகிறது. திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு சாதாரண வீட்டுப் பையன், கார்களில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களைத் துப்பாக்கியால் சுடுகிறான். 1966-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து சுட்ட சார்லஸ் விட்மன் சம்பவத்தை வைத்து உருவான பாத்திரம். கடைசியில் அந்தப் பையன் திரையில் வரும் கார்லாஃபையும் தடியூன்றி நேரில் வரும் கார்லாஃபையும் ஒன்றாகப் பார்த்து எதைச் சுடுவது என்று குழம்பும் இடம் இருக்கே, எந்தப் பெரிய பட்ஜெட் படத்திலும் எனக்கு இப்படிக் கை சில்லிட்டதில்லை. ஒட்டுத்துணிதான். ஆனா தையல் தெரிகிற மாதிரியே தைத்திருக்கிறார்.

க்லுஷான்ட்சேவ் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. 'ஏலியன்ஸ்', 'டெர்மினேட்டர் 2' படங்களின் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிய ராபர்ட் ஸ்கோடாக், ஆரம்பத்தில் கோர்மன் கம்பெனியில் வேலை கற்றவர். அவர் 1990-களில் ரஷ்யாவுக்குப் போய், அந்த ஷாட்களை எடுத்த மனிதரைத் தேடிக் கண்டுபிடித்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். க்லுஷான்ட்சேவ் அப்போது எண்பது தாண்டியவர். 1999-இல் இறந்தார்.

'ப்ளானெட்டா பூர்' மூலப் படத்தைச் சப்டைட்டிலோடு இறக்கி வைத்திருக்கிறேன், வீட்டில் ஆள் வருவதற்குள் பார்க்க வேண்டும். நீங்கள் பார்ப்பதானால் 'டார்கெட்ஸ்' கட்டாயம், 'நிஞ்சா டெர்மினேட்டர்' நாலு நண்பர்களோடு, சிப்பிப் படம் வேண்டவே வேண்டாம். அந்த அண்ணன் லிங்க்ட்இன்னில் இருக்கிறார் என்று நேற்றுத்தான் பார்த்தேன். இன்னும் மெசேஜ் அனுப்பவில்லை.