பறவைக் காய்ச்சல் தீநுண்மிகளின் மரபணு மாற்றமும் பிறபொருளெதிரியாக்கி வேறுபாடும்

பறவைக் காய்ச்சல் என்பது இன்ஃபுளுவென்சா ஏ வகைத் தீநுண்மிகளால் (வைரசு) பறவைகளுக்கு ஏற்படும் தொற்றுநோய் ஆகும். இத்தீநுண்மிகளின் இயற்கை உறைவிடம் வாத்து, கடற்காகம் போன்ற நீர்ப்பறவைகளாகும். அவற்றில் பெரும்பாலும் கடும் நோயை உண்டாக்காத இவை, கோழிகளிடையே பரவும்போது விரைவாக மாற்றமடைகின்றன. ஒருமுறை பெற்ற நோயெதிர்ப்பாற்றலும் தடுப்பூசியும் நெடுங்காலம் பயன்தராமல் போவதற்கு இம்மாற்றங்களே முக்கியக் காரணம்.

அமைப்பு

இத்தீநுண்மியின் மரபுத்தொகுதி 8 தனித்தனி ஆர்.என்.ஏ. துண்டங்களால் ஆனது. இதன் மேற்பரப்பில் ஹீமகுளூட்டினின் (எச்), நியூராமினிடேசு (என்) ஆகிய புரதங்கள் உள்ளன. முன்னது உயிரணுவில் ஒட்டி உள்நுழையவும், பின்னது புதிய தீநுண்மிகள் வெளியேறவும் உதவுகின்றன. எச்5என்1 போன்ற பெயர்கள் இப்புரத வகைகளைக் குறிப்பவை.

சிறு மாற்றம்

ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் திறன் இல்லை. எனவே, ஒவ்வொரு பெருக்கத்தின்போதும் பிறழ்வுகள் தோன்றுகின்றன. பிறபொருளெதிரிகள் பற்றிக்கொள்ளும் இடங்களில் அமினோ அமிலங்கள் மாறினால், பழைய பிறபொருளெதிரிகளால் தீநுண்மியை அடையாளம் காண முடியாது. மெக்சிக்கோவில் 1995 முதல் கோழிகளுக்கு எச்5என்2 தடுப்பூசி போடப்பட்டது. காலப்போக்கில் அங்குப் பரவிய தீநுண்மிகள் தடுப்பூசி வகையிலிருந்து விலகிச் சென்றதால், தடுப்பூசி பெற்ற கோழிகளும் தீநுண்மியை வெளியேற்றின.

பெரு மாற்றம்

இருவேறு தீநுண்மிகள் ஒரே உயிரணுவைத் தொற்றினால் அவற்றின் துண்டங்கள் கலந்து, 256 வகைச் சேர்க்கைகள் வரை உருவாகக்கூடும். இது மறுசேர்க்கை எனப்படும். 1957, 1968 ஆம் ஆண்டுகளின் உலகளாவிய கொள்ளைநோய்களை உண்டாக்கிய தீநுண்மிகள், மனிதத் தீநுண்மி பறவைத் தீநுண்மியின் துண்டங்களைப் பெற்றதால் தோன்றியவை.

நோய்க்கடுமை

ஹீமகுளூட்டினின் இரண்டாக வெட்டப்பட்டால்தான் தீநுண்மி தொற்றும் திறன் பெறும். வீரியம் குறைந்த வகைகளில் இவ்வெட்டு சுவாசப்பாதை, குடல் ஆகியவற்றிலுள்ள நொதிகளால் மட்டுமே நிகழ்கிறது. எச்5, எச்7 வகைகளில் வெட்டுமிடத்தில் கார அமினோ அமிலங்கள் கூடினால், உடலெங்கும் காணப்படும் ஃபியூரின் போன்ற நொதிகளே அதை வெட்டிவிடும். இதனால் நோய் எல்லா உறுப்புகளுக்கும் பரவிக் கோழிகள் கூட்டமாக இறக்கின்றன.

எச்5என்1 மரபுவழி

1996 இல் சீனாவின் குவாங்தொங் மாகாணத்தில் வாத்தினப் பறவையிடம் இம்மரபுவழி கண்டறியப்பட்டது. 1997 இல் ஹொங்கொங்கில் 18 பேரைத் தொற்றியது. அவர்களில் 6 பேர் இறந்தனர். அதன் ஹீமகுளூட்டினின் மரபணு பல கிளைகளாகப் பிரிந்தது. அவற்றுள் 2.3.4.4பி என்னும் கிளை வலசைப் பறவைகள் வழியாகக் கண்டங்களைக் கடந்தது. 2024 இல் அமெரிக்கக் கறவை மாடுகளிலும் அது கண்டறியப்பட்டது.

மனிதருக்கான இடர்

பறவைத் தீநுண்மிகள் ஆல்ஃபா 2,3 பிணைப்புள்ள சியாலிக் அமிலத்தை நாடுகின்றன. மனிதரின் மேல் சுவாசப்பாதையில் ஆல்ஃபா 2,6 வகையே மிகுதி. இவ்வேறுபாடு மனிதரிடையே பரவலைத் தடுக்கும் அரண்களுள் ஒன்று. சில பிறழ்வுகள் இந்நாட்டத்தை மாற்றக்கூடும். பிபி2 புரதத்தின் 627 ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக லைசின் அமைவது, பாலூட்டி உயிரணுக்களில் பெருகும் திறனைக் கூட்டும். ஆகவே, பண்ணைகளிலும் காட்டுப் பறவைகளிலும் கிடைக்கும் தீநுண்மிகளின் மரபணு வரிசையைத் தொடர்ந்து ஆராய்ந்து, அதற்கேற்பத் தடுப்பூசிகளைப் புதுப்பிப்பது இன்றியமையாதது.