கரும்பை மட்டும் நம்பாத தீவு

மேலூர் பக்கம் கரும்பு செழித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், குழந்தைகளே! கரும்பை மட்டுமே நம்பி ஒரு நாடு வாழ முடியுமா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீஷியஸ் தீவு, நம் மதுரை மாவட்டத்தை விடச் சிறியது. அங்கு தமிழர்களும் வாழ்கின்றனர்; அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு!

1968ல் விடுதலை பெற்றபோது, அதன் ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் சர்க்கரைதான். புயல் அடித்தால் எல்லாம் போச்சு! 1960ல் அப்படித்தான் நடந்தது. 'இத்தீவு முன்னேறுவது கடினம்' என்றே, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் கருதினார்.

ஆனால், மக்கள் சோர்ந்துவிடவில்லை. சிறிய தீவில் பொருள் வாங்குவோர் குறைவு. எனவே, உலகத்துக்கே விற்க முடிவு செய்தனர். 1970ல் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குச் சலுகைகள் அளித்தது அரசு. ஆடைகள் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1977 முதல் உயர்நிலைக் கல்வியும் இலவசமானது. சுற்றுலா, வங்கித் தொழில்களும் வளர்ந்தன.

பசிபிக் கடலிலுள்ள நவ்ரு தீவின் கதை வேறு. பாஸ்பேட்டை வெட்டி விற்றே பெரும் பணக்கார நாடானது. பாஸ்பேட் குறைந்ததும், பணமும் கரைந்தது.

மண்ணில் கிடைப்பது ஒருநாள் தீரும். கற்ற கல்வியும், பழகிய தொழிலும் தீராது. புரிந்ததா, செல்லங்களே!