காய்ச்சல் விட்ட பிறகு மூளையில் என்ன நடக்கிறது?

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு மூளைக்காய்ச்சல் புதிய பேச்சு அல்ல. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதர்களிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1955-ல், வேலூரில்தான். பழைய தென்னாற்காடு மாவட்டம், அதாவது இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, பல ஆண்டுகள் அந்த நோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தது. நெல்வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் அதைப் பரப்புகிறது. பன்றியிலும் கொக்கு, நாரையிலும் வைரஸ் பெருகும். நோய் கண்ட குழந்தைகள் பிழைத்தாலும் பலருக்குக் கை கால் முடக்கமோ, வலிப்போ, பேச்சுத் தடுமாற்றமோ தங்கிவிடும்.

இப்போது ஆய்வுக்கூடங்களில் எழும் கேள்வி வேறு. கொசு கடிக்காமலே, இருமலிலும் தும்மலிலும் வந்து சேரும் வைரஸ்கள் மூளையை என்ன செய்கின்றன?

கோவிட் காலத்தில் இதை அடுப்படியிலேயே பலர் உணர்ந்தார்கள். கடுகு, கறிவேப்பிலை தாளித்தும் வாசனை வரவில்லை என்றார்கள். மூக்கின் கூரையில், கண்களுக்கு நடுவே, சல்லடை போலத் துளைகள் உள்ள மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. வாசனை நரம்பின் இழைகள் அந்தத் துளைகள் வழியே நேராக மூளைக்குள் போகின்றன. மூளைக்கு வெளியுலகம் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இடம் வேறு இல்லை. வைரஸ் இந்த நரம்பைப் பிடித்தே மேலே ஏறுகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். ஆனால் 2020-லும் 2021-லும் வந்த ஆய்வுகள், வைரஸ் முக்கியமாகத் தாக்குவது வாசனை நரம்பணுக்களை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களை என்று காட்டின. அந்த அணுக்கள் மீண்டும் வளரக்கூடியவை. பெரும்பாலானோருக்கு வாசனை திரும்பியதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறார்கள்.

இரண்டாவது வழிதான் ஆய்வாளர்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அதில் வைரஸ் மூளைக்குள் போகவே வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டின் மிஷெல் மோஞ்சே, யேலின் அகிகோ இவாசாகி ஆகியோரின் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளுக்கு மூச்சுக்குழாயோடு நிற்கும் லேசான கோவிட் தொற்று கொடுக்கப்பட்டது. மூளையில் வைரஸ் இல்லை. ஆனாலும் மூளையின் காவல் அணுக்கள் விழித்துக்கொண்டன. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள கொழுப்புறை தேய்ந்தது. ஏழு வாரம் கழித்தும் அந்தத் தேய்வு இருந்தது. நுரையீரலில் நடக்கும் சண்டையின் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து மூளைவரை சேதி சொல்லிவிடுகின்றன. காய்ச்சல் விட்ட பின்னும் 'தலை மந்தமா இருக்கு, ஒண்ணும் ஞாபகத்துல நிக்கல' என்று சொல்கிறவர்களைக் கற்பனை நோயாளிகள் என்று ஒதுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுமா?

பிரிட்டனில் 785 பேருக்கு இரண்டு முறை மூளை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். இடையில் கோவிட் வந்தவர்களுக்கு, வாசனையோடு தொடர்புள்ள பகுதிகளில் சற்றே கூடுதல் சுருக்கம் தெரிந்தது. அளவு சிறியதுதான், பீதிக்கு இடமில்லை. ஆனால் நோய்க்கு முன்பே எடுத்து வைத்த ஸ்கேன் இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது. நம் பக்கத்தில் அப்படி முன்பே எடுத்து வைத்த ஸ்கேன் இல்லை.

மூச்சில் வந்து மூளையில் முடியும் வைரஸில் பழையது ஒன்றும் உண்டு: தட்டம்மை. அதுவும் காற்றில்தான் பரவுகிறது. கைக்குழந்தையாக இருக்கும்போது அது வந்து போன சில பிள்ளைகளுக்கு, ஆறு முதல் பத்து ஆண்டு கழித்து, பள்ளியில் படிப்பு மங்கி, உடல் திடீர் திடீரெனத் துள்ளி, மூளை மெல்ல அழியும் நோய் வருகிறது. அரிதானது, வந்தால் உயிர் மீள்வது அபூர்வம். தடுப்பூசி மட்டுமே காப்பு.

புதிய வைரஸ்களில் நமக்குப் பக்கத்தில் வந்து நிற்பது நிபா. 1998-99-ல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் பரவியபோது அது மூளைக்காய்ச்சலாகவே வந்தது. 2018-ல் கோழிக்கோட்டில் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தது. மருத்துவமனைகளுக்குள் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றியது. பேராம்பிரா மருத்துவமனைச் செவிலியர் லினி, நோயாளியைக் கவனித்ததில் தொற்றி, அந்த ஆண்டு மே 21-ல் இறந்தார். குணமாகிப் பல மாதம் கழித்து மூளைக்காய்ச்சல் மறுபடி திரும்பியவர்களும் மலேசியாவில் உண்டு.

இதையெல்லாம் ஆராய்கிறவர்களில் பலர் போஸ்ட் டாக் எனப்படும் இளம் ஆய்வாளர்கள். முனைவர் பட்டம் வாங்கிய பின், சொந்த ஆய்வகம் அமையும் முன், மூத்த விஞ்ஞானி ஒருவரிடம் ஒரே கேள்வியோடு உட்காருகிறவர்கள். அவர்களுக்கு உதவப் பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இருக்கிறது. நிபா போன்றவற்றைக் கையாளும் உச்சப் பாதுகாப்பு ஆய்வகம் புனேயில் இருக்கிறது. குருத்தணுக்களிலிருந்து கடுகளவு மூளைத்திசு வளர்த்து அதில் வைரஸை விட்டுப் பார்ப்பதும் அவர்கள் வேலை. தேசிய போஸ்ட் டாக் உதவித்தொகை இரண்டு ஆண்டுதான். பத்தாண்டு கழித்து வெளிப்படும் கேட்டை இரண்டு ஆண்டு வேலையில் எப்படிப் பிடிப்பது?

தென்னாற்காட்டில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. மதுரையில் ஐசிஎம்ஆர் நடத்திய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், விருத்தாசலத்தில் களநிலையம் வைத்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்தது. பொழுது சாயும் நேரம், மாட்டுக்கொட்டகை ஓரம், ஒரு கையில் டார்ச், மறு கையில் கண்ணாடிக் குழாய். செடியிலும் கூரை ஓலையிலும் உட்கார்ந்திருக்கும் கொசுவை வாயால் உறிஞ்சிக் குழாயில் பிடிப்பார்கள். பிறகு இனம் பிரித்து, எண்ணி, வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எந்தப் பருவத்தில், எந்த நடவுக்குப் பிறகு ஆபத்து கூடும் என்பது இப்படித்தான் தெரிந்தது. 2006 முதல் நாட்டில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, எந்தப் பகுதிக்கு முதலில் என்பதை, எங்கே நோய் அதிகம் என்ற கணக்கே முடிவு செய்தது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இன்று குறைவது அப்படிப்பட்ட கணக்குதான். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினால் கரியாலூர், வெள்ளிமலை, அதைச் சுற்றி மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள். மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிற ஒருவருக்குக் கடும் சளிக்காய்ச்சல் வந்து போனால், ஆறு மாதம் கழித்து அவருக்கு மறதியோ நடைத் தள்ளாட்டமோ வந்ததா என்று எந்த ஏட்டிலும் இராது. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க அவர் சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் போகமாட்டார்.

2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இதை மாற்ற முடியும் என்றே நினைக்கிறேன். ஒரு போஸ்ட் டாக் இடம், கீழே ஒரு உறைபெட்டி, மேலே கிராமச் செவிலியர் கையில் ஒரு பதிவேடு. பெரிய செலவு இல்லை. காய்ச்சல் கண்டவர்களை மூன்று மாதத்திலும் ஓராண்டிலும் மறுபடி பார்த்து நினைவு, வாசனை, நடை மூன்றையும் குறித்தாலே போதும். பெங்களூருக்கும் புனேக்கும் கிடைக்காத தகவல் இங்கே கிடைக்கும். ஆய்வு மலைக்கு வர வேண்டுமே தவிர, மலைமக்கள் ஆய்வைத் தேடி இறங்கி வரக் காத்திருக்கக் கூடாது.

அதுவரை வீட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காய்ச்சலோடோ அது தணிந்த சில நாளிலோ வலிப்பு, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம், கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் பலம் குறைதல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் போட வேண்டிய தட்டம்மை ஊசியும், இந்த மாவட்டக் குழந்தைகளுக்கான ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு இப்போதே போட்டுக்கொள்ளலாம்.